ஆலைக்கு மனை, ஆளுக்குக் கட்டில்

ஸ்ரீபெரும்புதூர் பேரூராட்சியின் மக்கள்தொகை 2001 கணக்கெடுப்பில் 16,156. 2011-இல் 24,864. பத்தாண்டுகளில் ஏறத்தாழ 54 சதவீத உயர்வு. அதே காலத்தில் தமிழ்நாடு மொத்தமாக வளர்ந்தது 15.6 சதவீதம்தான். இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தையும் அன்று தன்னுள் வைத்திருந்த காஞ்சிபுரம் மாவட்டம் 28.77 லட்சத்திலிருந்து 39.98 லட்சத்துக்கு உயர்ந்து, மாநிலத்திலேயே வேகமாக மக்கள் பெருகிய மாவட்டமாக நின்றது.

இந்த எண்களை மட்டும் வைத்து ஊரைப் புரிந்துகொள்ள முடியாது. பேரூராட்சியின் எல்லை கோயிலையும் கடைத்தெருவையும் சுற்றிய சிறு வட்டம். ஆலைகள் அந்த வட்டத்துக்கு வெளியே, இருங்காட்டுக்கோட்டை, பிள்ளைப்பாக்கம், மாம்பாக்கம், வல்லம், வடகால், ஒரகடம், சுங்குவார்சத்திரம் என்று ஊராட்சிகளில் பரவிக் கிடக்கின்றன. சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் தயாரிக்கும் பாக்ஸ்கான் ஆலை ஒன்றில் மட்டும் 2021 இறுதியில் சுமார் 17,000 பேர் வேலை பார்த்தார்கள். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் ஸ்ரீபெரும்புதூரில் குடியிருந்த மொத்தப் பேரையும்விட இது அதிகம்.

இந்தப் பெருக்கத்துக்குப் பிறப்பு காரணமில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். ஒரு தலைமுறையின் இடத்தை அடுத்த தலைமுறை நிரப்ப வேண்டுமானால் 2.1 வேண்டும். அந்த அளவுக்குக் கீழே போய்விட்ட மாநிலத்தில் ஓர் ஊர் இப்படிப் பெருத்தால், வெளியிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்பதே பொருள். வந்தவர்களில் பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டியவர்கள், மணமாகாதவர்கள், ஒப்பந்தத்திலோ பயிற்சியாளராகவோ வேலைக்குச் சேர்ந்தவர்கள். குடும்பத்தோடு வந்து குடியேறுவோருக்குத் தேவை வீடு. இவர்களுக்கு முதலில் தேவைப்படுவது படுக்க ஓர் இடம், குளிக்கத் தண்ணீர், ஷிப்டு பஸ் நிற்கும் முனைக்கு நடந்துபோகும் தூரம். இந்தப் பகுதியின் வீட்டுப் பிரச்சினை முழுக்க இந்த வேறுபாட்டில்தான் தொடங்குகிறது.

தொழிற்சாலைகள் வருவதற்கு முன் ஸ்ரீபெரும்புதூர் இரண்டு காரணங்களுக்காக வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. வைணவர்களுக்கு அது ராமானுஜர் பிறந்த ஊர், ஆதிகேசவப் பெருமாள் கோயில் இருக்கும் தலம். மற்றவர்களுக்கு 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்ட இடம். சுற்றியிருந்த ஊர்கள் ஏரிப்பாசனத்தில் நெல் விளைத்தவை. காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். ஓர் ஏரி நிரம்பி வழியும் நீர் அடுத்த ஏரிக்குப் போகும்படி முன்னோர் அமைத்த சங்கிலியில், ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் கடைசியில் செம்பரம்பாக்கத்தில் சேர்கின்றன.

ஹூண்டாய் நிறுவனம் 1996-இல் இருங்காட்டுக்கோட்டையைத் தேர்ந்தெடுத்தது. 1998-இல் அங்கிருந்து சான்ட்ரோ கார் வெளிவந்தது. இடத்தேர்வுக்குக் காரணங்கள் வெளிப்படையானவை: வாசலில் பெங்களூரு நெடுஞ்சாலை, கிழக்கே சென்னைத் துறைமுகம், பின்னர் எண்ணூரில் காமராசர் துறைமுகம், விமான நிலையம் அருகில், சமதரை நிலம். ஸ்ரீபெரும்புதூர் கடற்கரை ஊர் அல்ல. ஆனாலும் ஏற்றுமதிக் கார்கள் கப்பலேறுவது சென்னைக் கரையில்தான். கடல் எட்டும் தொலைவில் இல்லையென்றால் இந்தத் தொழிற்பட்டை இங்கே உருவாகியிருக்காது.

பிறகு வரிசையாக வந்தார்கள். கண்ணாடி தயாரிக்கும் செயின்ட் கோபைன் 2000-இல். கைபேசி தயாரிக்கும் நோக்கியா 2006-இல். சாம்சங் 2007-இல். அதற்குள் ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி நிலம் இறுகிவிட, தெற்கே ஒரகடம் திறந்துகொண்டது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒன்றையொன்று வெட்டும் நாற்சந்தி அது. 2010 மார்ச்சில் ரெனோ–நிசான், 2012 ஏப்ரலில் பாரத்பென்ஸ் லாரிகளைத் தயாரிக்கும் டெய்ம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்டு, இடையில் அப்போலோ டயர்ஸ் என்று அந்தச் சாலைகளின் இருபுறமும் நிறைந்தது. அடுத்து வல்லம்–வடகால் பூங்கா. அங்கே யமஹாவும் ராயல் என்ஃபீல்டின் இன்னோர் ஆலையும். உதிரிபாகம் செய்யும் நிறுவனங்களை இங்கே பெயர் சொல்லி எண்ணப் புகுந்தால் கட்டுரை நீண்டுவிடும். ஆனால் ஒரு கார் ஆலை தரும் வேலையைவிட அதைச் சுற்றியுள்ள சிறு, நடுத்தர ஆலைகள் தரும் வேலை அதிகம் என்பதையும், அங்கே சம்பளம் குறைவு என்பதையும் மறந்துவிடக் கூடாது. வாடகைக்கு இடம் தேடி அலைபவர்களில் பெரும்பகுதியினர் அந்தச் சிறு ஆலைகளின் ஆட்கள்.

இத்தனைக்கும் நிலம் திரட்டிக் கொடுத்தது சிப்காட். 1971-இல் தொடங்கப்பட்ட இந்த மாநிலத் தொழில் முன்னேற்றக் கழகம் நிலத்தைக் கையகப்படுத்தி, சாலை, மின்சாரம், தண்ணீர் அமைத்து, ஆலைகளுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடுகிறது. தொழில் நோக்கங்களுக்காக நிலம் எடுப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டின் தனிச்சட்டம் இருக்கிறது. பட்டாதாரருக்கு இழப்பீடு கிடைத்தது. அந்தப் பணத்தை வைத்துச் சாலையோரம் கடை கட்டியவர்களும், வேறு ஊரில் நிலம் வாங்கியவர்களும், கரைத்துவிட்டவர்களும் உண்டு. அதே வயலில் கூலிக்கு நட்டு, களையெடுத்து, அறுத்தவர்களின் பெயர் பட்டாவில் இல்லை. ஆகவே இழப்பீட்டுப் பட்டியலிலும் இல்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஆலையின் காவல் பணியும் துப்புரவுப் பணியும் தோட்டப் பணியும் கிடைத்தன.

சிப்காட்டின் திட்டத்தில் ஆலைக்கு எத்தனை ஏக்கர், லாரி திரும்பச் சாலை எத்தனை அடி அகலம், உயரழுத்த மின்பாதை எங்கே என்பதெல்லாம் இருந்தது. வேலைக்கு வருபவர் எங்கே தூங்குவார் என்பது இல்லை. ஆலையோடு குடியிருப்பையும் கட்டுவது தமிழ்நாட்டுக்குத் தெரியாத கலை ஒன்றும் அல்ல. 1955-இல் பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலை வந்தபோது கூடவே ஐ.சி.எஃப். காலனி வந்தது. திருச்சி பெல் ஆலைக்குக் கைலாசபுரம் எழுந்தது. நெய்வேலி ஒரு முழு நகரமாகவே கட்டப்பட்டது. 1980-களில்கூடச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் மறைமலை நகரை ஆலைகளும் வீட்டுமனைகளும் அடுத்தடுத்து இருக்கும் புதுநகரமாகத் திட்டமிட்டது. 1991-இன் பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பின் வந்த தனியார் ஆலைகளுக்குக் குவார்ட்டர்ஸ் கட்டுவது தேவையற்ற செலவு. நிரந்தரத் தொழிலாளர் குறைந்து ஒப்பந்தத் தொழிலாளர் பெருகிய பிறகு, யாருக்காகக் கட்டுவது என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. அரசு அந்தப் பொறுப்பைத் தன் கையில் எடுத்திருக்க வேண்டும். கால் நூற்றாண்டுக்கு மேல் எடுக்கவில்லை. இதைத் தவறு என்றே சொல்ல வேண்டும். சந்தை பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்ட தவறு.

சந்தை தனக்குத் தெரிந்த வழியில் பார்த்துக்கொண்டது. முதலில் வந்தவை லைன் வீடுகள். வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த இடத்தில், மாட்டுத்தொழுவம் இருந்த இடத்தில், ஒரே சுவரைப் பகிரும் பத்துப் பன்னிரண்டு அறைகள். பத்தடிக்குப் பத்தடி, மேலே சிமென்ட் ஷீட், கோடியில் பொதுக் கழிப்பறையும் ஒரு தொட்டியும். ஓர் அறையில் நான்கு பேர், ஆறு பேர். பகல் ஷிப்டுக்காரர் எழுந்துபோன பாயில் இரவு ஷிப்டுக்காரர் வந்து படுப்பதும் உண்டு. வடமாநிலத் தொழிலாளரை ஒப்பந்தக்காரர் மொத்தமாகக் கூட்டிவந்து தங்கவைக்கும் இடங்களும் பெரும்பாலும் இவையே. விவசாயம் விட்டுப்போன குடும்பத்துக்கு இந்த அறைகளின் வாடகைதான் இப்போது மாத வருமானம். வானம் பார்க்க வேண்டியதில்லை, வங்கிக் கடனும் எளிதாகக் கிடைக்கும். ஏர் பூட்டியவர் வீட்டுக்காரர் ஆன கதையை இந்த ஊர்களில் தெருவுக்குத் தெரு கேட்கலாம்.

அடுத்த அடுக்கு, மாடி மேல் மாடி கட்டி வாடகைக்கு விடும் வீடுகள். இவற்றில் குடும்பங்களுக்கு ஒரு வாடகை, பேச்சிலர்களுக்கு ஒரு வாடகை. குடும்பம் என்றால் வீட்டுக்கு. பேச்சிலர் என்றால் தலைக்கு. ஆள் கூடக்கூட வருமானம் கூடும் என்பதால் குடும்பத்துக்கு வீடு கிடைப்பது குறைகிறது. சில தெருக்களில் இதற்கு நேர்மாறாக, பேச்சிலருக்கு வீடில்லை என்ற பலகை தொங்குகிறது. தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்து வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும் என்கிறது அது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. அந்த ‘வேறு உடன்பாடு’ என்ற இரண்டு சொல்லில் சட்டத்தின் பல் பாதி கழன்றுவிடுகிறது. தலைக்கு இவ்வளவு என்று வாய்வார்த்தையில் முடியும் இடத்தில் ஒப்பந்தம் எழுதுவோர் அபூர்வம்.

மூன்றாவது, மனைப்பிரிவுகள். சாலையோர வயலை வாங்கி, வண்ணக்கொடி நட்டு, கல் ஊன்றி, ஞாயிற்றுக்கிழமை வேனில் ஆட்களைக் கூட்டிவந்து மதியச் சாப்பாட்டோடு மனை விற்ற காலம் ஒன்று இருந்தது. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அப்போது சென்னைப் பெருநகர எல்லைக்கு வெளியே இருந்தன. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின், அதாவது டி.டி.சி.பி.யின், ஒப்புதல் வேண்டும். ஆனால் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற பெயரில், ஊராட்சித் தலைவரின் கையெழுத்தை மட்டும் நம்பி விற்கப்பட்டவை ஏராளம். சாலைக்கு விட்ட இடம் குறுகல், பூங்காவுக்கு இடமில்லை, மழைநீர் ஓட வழியில்லை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லா மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தபோது மாநிலம் முழுவதும் பத்திரப்பதிவு முடங்கியது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட மனைகளைக் கட்டணம் வாங்கி முறைப்படுத்தும் திட்டத்தை 2017-இல் அரசு கொண்டுவந்தது. பத்திரம் சரியாயிற்று. குறுகிய தெரு குறுகியபடியே இருக்கிறது. தீயணைப்பு வண்டி நுழையாத மனைப்பிரிவை எந்தக் கட்டணமும் அகலமாக்காது.

இந்த மனைகளை வாங்கியவர் யார் என்று பார்த்தால் இன்னொன்று தெரியும். ஆலையில் வேலை செய்பவர் வாங்கியது கொஞ்சம். சென்னையிலும் வெளிநாட்டிலும் இருப்பவர் எதிர்காலத்துக்கென்று போட்டுவைத்தது நிறைய. அதனால்தான் வாடகைக்கு இடமில்லாத ஊரின் ஓரத்தில் ஏக்கர் கணக்கில் வேலிக்கல் நட்ட மனைகளில் சீமைக்கருவேலம் வளர்ந்து நிற்கிறது. ஒரகடம் பக்கம் பெருநிறுவனங்கள் எழுப்பிய அடுக்குமாடிக் குடியிருப்புகளும் வில்லாக்களும் மேலாளர்களுக்கும் பொறியாளர்களுக்கும் பொருந்தும். அசெம்பிளி வரிசையில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் சம்பளத்துக்கு அவற்றின் மாதத் தவணை எட்டாது.

ஓர் ஆலையை நம்பி ஊர் வீடு கட்டினால் என்ன ஆகும் என்பதையும் ஸ்ரீபெரும்புதூர் பார்த்திருக்கிறது. நோக்கியா ஆலையில் உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை செய்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். வரித் தகராறால் அந்த ஆலை மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறாமல் நின்றது. 2014-இல் ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் வெளியேற, நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. நோக்கியாவுக்கு உதிரிபாகம் கொடுத்துவந்த பாக்ஸ்கானின் பழைய ஆலையும் அதையடுத்து மூடப்பட்டது. வேலை போனவர்கள் ஊருக்குத் திரும்ப, அறைகள் காலியாயின. கடன் வாங்கிக் கட்டியவருக்குத் தவணை மட்டும் நிற்கவில்லை. 2019-இல் சால்காம்ப் நிறுவனம் அந்த வளாகத்தை வாங்கியபின் மறுபடி ஆள் வந்தது. வேலை கொடுப்பவருக்கு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள வழி உண்டு, வேலை செய்பவருக்கு மூட்டை கட்ட வழி உண்டு. செங்கல்லில் பணத்தைப் போட்டவரால் எங்கும் போக முடியாது. லைன் வீடுகள் ஏன் இவ்வளவு மலிவாக, இவ்வளவு மட்டமாகக் கட்டப்படுகின்றன என்பதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம்.

மின்னணு ஆலைகள் திரும்பவும் பெருகியபோது தேவைப்பட்டவர்கள் இளம்பெண்கள். விழுப்புரம், திருவண்ணாமலை, டெல்டா, தென்மாவட்டங்கள், பிறகு ஒடிசா, ஜார்க்கண்ட் என்று ஆளெடுப்பு விரிந்தது. பெண்ணை அனுப்பும் பெற்றோர் முதலில் கேட்பது சம்பளத்தை அல்ல, தங்குமிடத்தை. அதனால் நிறுவனமே இடம் காட்ட வேண்டியதாயிற்று. ஒப்பந்தக்காரர்கள் பூந்தமல்லியிலிருந்து சுங்குவார்சத்திரம்வரை கிடைத்த கட்டடங்களை விடுதியாக்கினார்கள். கல்லூரிக்கென்று கட்டியது, கல்யாணத்துக்கென்று கட்டியது எல்லாம் விடுதியானது. பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்குப் பதிவும் உரிமமும் கட்டாயம் என்று தமிழ்நாட்டில் 2014-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. இருந்தும் 2021 டிசம்பர் நடந்தது. பூந்தமல்லி அருகே பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கிய விடுதியில் உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. உண்மை சொல்ல யாரும் முன்வராத நிலையில், ஆயிரக்கணக்கான பெண்கள் இரவில் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்றவையல்ல என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12 அன்றுதான் ஆலை திறந்தது.

கால் நூற்றாண்டாகக் காதில் விழாத செய்தி அந்த ஓர் இரவில் விழுந்தது. வல்லம்–வடகாலில் சிப்காட் தானே 20 ஏக்கரில் குடியிருப்பு வளாகம் கட்டியது. பத்து மாடி கொண்ட 13 கட்டடங்கள், ஓர் அறைக்கு ஆறு பேர், மொத்தம் 18,720 பெண்கள். செலவு 706.50 கோடி ரூபாய். 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் பாக்ஸ்கான் தலைவர் யங் லியூவை அருகில் வைத்துக்கொண்டு திறந்தார். கணக்குப் போட்டால் ஒரு கட்டிலுக்குச் சுமார் 3.77 லட்சம் ரூபாய். 2011-இல் ஸ்ரீபெரும்புதூர் பேரூராட்சியில் வாழ்ந்த மக்களில் முக்கால் பங்குக்குச் சமமான கூட்டம், ஒரே சுற்றுச்சுவருக்குள்.

இந்த வளாகம் முந்தைய விடுதிகளைவிடப் பல மடங்கு மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் இதையே வீட்டுத் தீர்வு என்று எடுத்துக்கொள்வதில் சிக்கல் இருக்கிறது. வேலை போனால் கட்டிலும் போகும். மணமாகிக் குடும்பம் நடத்த அங்கே இடமில்லை. வெளியே போகவும் உறவினர் வரவும் நேரக்கட்டுப்பாடு உண்டு. சீனாவின் ஷென்சென் நகரில் இதே நிறுவனம் லட்சக்கணக்கானோரைத் தங்குமிடங்களில் வைத்து நடத்திய ஆலையில் 2010-இல் தொடர்தற்கொலைகள் நடந்தன. வேலையும் உறக்கமும் ஒரே கையில் இருக்கும்போது மனிதர் படும் நெருக்கடி அங்கே உலகறிய வெளிப்பட்டது. தமிழர் நிறையப் பேர் வேலை செய்யும் சிங்கப்பூரில் 2020 ஏப்ரலில் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளில் கரோனா காட்டுத்தீயாகப் பரவியது. அடுத்த ஆண்டே, புதிய விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஒருவருக்கு 4.2 சதுர மீட்டர் இடம் வேண்டும், அறையோடு சேர்ந்த கழிப்பறை வேண்டும் என்று அந்த நாடு விதி வகுத்தது. ஸ்ரீபெரும்புதூரின் லைன் வீட்டுக்கு அப்படியோர் அளவுகோலைப் போட்டுப் பார்க்கும் அதிகாரி யாரும் இல்லை. ஆண் தொழிலாளர் தங்கும் இடங்களின் நிலையைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. அவர்கள் நெடுஞ்சாலையில் உட்காரவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் தெரியவில்லை.

வீடு என்றால் தண்ணீரும்தான். சென்னைப் பெருநகரக் குடிநீர் வாரியம் கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் சுத்திகரித்து, இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரையுள்ள சிப்காட் பூங்காக்களுக்குக் குழாயில் அனுப்புகிறது. 2019 முதல் இயங்கும் நல்ல திட்டம் இது. ஆலைகள் குடிக்கும் ஏரித்தண்ணீர் குறைகிறது. ஆனால் அதே குழாய் கடந்துபோகும் ஊராட்சிகளில் வீடுகள் ஆழ்துளைக் கிணற்றையும் லாரித் தண்ணீரையும் கேன் தண்ணீரையும் நம்பியிருக்கின்றன. மழைக்காலத்தில் பிரச்சினை தலைகீழாகும். வயல் இருந்தவரை நீரைத் தாங்கி, மெல்ல விட்டது. அங்கே ஆலைக்கூரையும் காங்கிரீட் தளமும் வந்தபின் பெய்த மழை அப்படியே ஓடுகிறது. கால்வாயை மனைக்கல் மறித்திருந்தால் தெருவில் நிற்கிறது. மறிக்காவிட்டால் ஏரிச் சங்கிலி வழியே செம்பரம்பாக்கம் போகிறது. 2015 டிசம்பர் 1 அன்று அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறக்கப்பட்டதைச் சென்னை மறக்கவில்லை. மேற்கே எப்படிக் கட்டுகிறோம் என்பது கிழக்கே சைதாப்பேட்டைவரை போய்ச் சேரும் விஷயம்.

ஆலைக்கு அருகே வீடு வேண்டும் என்ற நெருக்கடிக்கு இன்னொரு காரணம், இங்கே ரயில் இல்லை. இந்தியாவின் பெரிய தொழிற்பட்டைகளில் ஒன்றுக்குப் பயணிகள் ரயில் நிலையம் கிடையாது. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்குப் பாதை என்பது பல்லாண்டுகளாகப் பட்ஜெட் காகிதத்தில் இருக்கிறது. அந்த இடத்தைக் கம்பெனி பஸ்கள் நிரப்புகின்றன. காஞ்சிபுரம், அரக்கோணம், செய்யாறு, உத்திரமேரூர் என்று சுற்றிலும் உள்ள ஊர்களிலிருந்து விடியுமுன் புறப்படும் அவை, சொந்த வீட்டிலிருந்தே வேலைக்கு வர ஒரு பெருங்கூட்டத்துக்கு வழி செய்திருக்கின்றன. உண்மையில் இந்தப் பட்டையின் மிகப்பெரிய வீட்டுவசதித் திட்டம் இந்தப் பஸ்கள்தான். போய்வர நான்கு மணி நேரம் தூக்கம் பறிபோனாலும், வாடகை மிச்சம். பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பரந்தூர் வரை ஏறத்தாழ 53 கி.மீ. மெட்ரோ நீட்டிப்பு திட்டமிடப்பட்டுள்ளது. முதற்கட்டம் சுங்குவார்சத்திரம் வரை. எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரம் அருகே பூஞ்சேரி வரையான 133 கி.மீ. சுற்றுவட்டச் சாலையும் ஸ்ரீபெரும்புதூர் வழியாகவே போகிறது.

பரந்தூர் என்றதும் அடுத்த அத்தியாயம் தொடங்கிவிடுகிறது. சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அங்கே என்று 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. பதின்மூன்று கிராமங்களில் ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும்; நிலத்தோடு நீர்நிலைகளும் போகும். ஏகனாபுரம் மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடுகிறார்கள். அங்கே எழுப்பப்படும் கேள்விகள் இருங்காட்டுக்கோட்டையில் 1996-இல் யாரும் உரக்கக் கேட்காதவை: ஊர் போனால் ஊருக்கு ஈடு எது, ஏரி போனால் கீழே உள்ள ஏரிக்கு என்ன கதி, மாற்றுக் குடியிருப்பு எங்கே. முப்பது ஆண்டு அனுபவம் பக்கத்து ஊர்களில் கண்முன் இருப்பதால் இந்தக் கேள்விகள் கூர்மையாகவே வருகின்றன. அதே நேரத்தில் சுற்றியுள்ள ஊர்களில் மனை விளம்பரப் பலகைகள் விமானப் படத்தோடு முளைத்துவிட்டன.

நிர்வாகம் மெல்ல ஊரைப் பிடிக்கப் பார்க்கிறது. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியின் பரப்பு 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 சதுர கி.மீ. ஆக விரிக்கப்பட்டபோது ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் உள்ளே வந்தன. ஸ்ரீபெரும்புதூரை நகராட்சியாகத் தரம் உயர்த்தும் உத்தரவு 2024-இல் வந்தது. ஆனால் பணம் இன்னும் பழைய எண்ணைப் பார்த்தே வருகிறது. நிதிக்குழு மானியம் முதல் துப்புரவுப் பணியாளர் எண்ணிக்கை வரை பலவற்றுக்கும் அடிப்படை 2011 கணக்கெடுப்பு. 2021-இல் நடந்திருக்க வேண்டியது நடக்கவில்லை. விடுதியிலும் லைன் வீட்டிலும் இருப்பவருக்கு வாக்கு சொந்த ஊரில், ரேஷன் கார்டு சொந்த ஊரில். வார்டு உறுப்பினருக்கு அவர் வாக்காளர் அல்ல. ஊராட்சிக்கு அவர் வீட்டுவரி கட்டுபவர் அல்ல. ஆனால் அவர் வீசும் குப்பையும், அவர் வீட்டுக் கழிவுநீரும், அவர் குடிக்கும் தண்ணீரும் அந்த ஊராட்சியின் கணக்கில்தான்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒருவர் எங்கே வழக்கமாகத் தங்கியிருக்கிறாரோ அங்கேதான் எண்ணப்பட வேண்டும். வாக்காளர் அட்டையில் எந்த ஊர் இருக்கிறது என்பது அங்கே கேள்வியில்லை. விடுதிகளை நிறுவனக் குடும்பங்கள் என்ற தனிப் பிரிவில் எண்ணவும் முறை உண்டு. ஆனால் நடைமுறையில், எண்ணுபவர் வரும்போது ஷிப்டில் இருப்பவர் விடுபட்டுப்போவதும், கிராமத்தில் பெற்றோர் ‘எங்க பையனையும் சேர்த்துக்கோங்க’ என்று அங்கே பெயரைக் கொடுத்துவிடுவதும் நடக்கும். அப்படி விடுபடும் ஒவ்வொருவரும் ஸ்ரீபெரும்புதூருக்குக் குறையும் ஒரு பங்கு தண்ணீர், ஒரு பங்கு சாக்கடை, ஒரு பங்கு பள்ளிக்கூடம். 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக வைத்து அடுத்த கணக்கெடுப்பு நடக்க இருக்கிறது. வல்லத்திலோ வடகாலிலோ மாம்பாக்கத்திலோ அறையெடுத்துத் தங்கியிருப்பவர்கள், எண்ண வருபவரிடம் அந்த அறையின் முகவரியையே கொடுக்கட்டும். அவர்களுக்கு வாடகைக்கு விட்டிருப்பவர்களும் ஓர் அறையில் எத்தனை பேர் என்பதை மறைக்காமல் சொல்லட்டும்.